பிறப்புறுப்பு மருக்கள்: தொற்று எவ்வளவு காலம் நீடிக்கும்?

பிறப்புறுப்பு மருக்களுக்குச் சிகிச்சை பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி: "இனியும் என் துணைவருக்குத் தொற்றுமா?" மரு மறைந்தால் போதும் என்று ஒரு மருத்துவரும், மேலும் மூன்று மாதங்கள் ஆணுறை அணிக என்று மற்றொருவரும், இரண்டு ஆண்டுகள் ஆகலாம் என்று வேறொருவரும் கூறக்கூடும். இவை முரண்பட்டவையாகத் தோன்றினும், ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடையாகும்.

மரு வேறு, வைரஸ் வேறு

ஏறத்தாழ 90 விழுக்காடு மருக்களுக்கு எச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆகிய வகைகளே காரணம். மருந்து பூசுதல், உறையவைத்தல் போன்ற சிகிச்சைகள் கண்ணுக்குத் தெரியும் மருவை நீக்குகின்றன. சுற்றியுள்ள தோலில் வைரஸ் எஞ்சியிருக்கக்கூடும்.

மூன்று விடைகளின் பொருள்

• மரு மறையும் வரை: மரு உள்ளபோது பரவும் வாய்ப்பு மிகுதி. எனவே அதுவரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும்.

• மூன்று மாதங்கள்: சிகிச்சைக்குப் பின் மருக்கள் மீண்டும் தோன்றுவது பெரும்பாலும் இக்காலத்தில்தான்.

• இரண்டு ஆண்டுகள்: பெரும்பாலோரின் நோய் எதிர்ப்பாற்றல் இக்காலத்திற்குள் வைரஸைக் கட்டுப்படுத்திவிடுகிறது.

உறுதியான நாள் ஏன் கூறப்படுவதில்லை?

மரு நீங்கிய பின் தொற்று எத்தனை காலம் நீடிக்கும் என்பது உறுதியாக அறியப்படவில்லை. வைரஸ் முற்றிலும் நீங்கியதை உறுதிசெய்யும் பரிசோதனை இல்லை. கருப்பைவாய்க்கான எச்.பி.வி. பரிசோதனை, புற்றுநோயை உண்டாக்கும் வகைகளையே தேடுகிறது. 6, 11 வகைகளை அன்று.

நீங்கள் செய்ய வேண்டியவை

• துணைவரிடம் தெரிவியுங்கள். தொற்றிய பின் மரு தோன்றச் சில வாரங்கள் முதல் ஆண்டுகள் வரை ஆகலாம். ஆதலால் இதனைத் துரோகத்தின் சான்றாகக் கருதலாகாது.

• ஆணுறை பரவலைக் குறைக்கும். அது மூடாத தோல் வழியே தொற்றக்கூடும் என்பதால் முழுப் பாதுகாப்பன்று.

• 6, 11 வகைகளையும் உள்ளடக்கிய தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். அது புதிய தொற்றைத் தடுக்கும். இருக்கும் மருவைக் குணப்படுத்தாது.

• இவ்விரு வகைகளும் புற்றுநோயாக மாறுவது மிக அரிது. எனினும் பெண்கள் வழக்கமான கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

• கை, கால் மருக்களுக்கான மருந்தைப் பிறப்புறுப்பில் பூசாதீர்கள்.

கருவுற்றிருந்தாலோ, மருவில் இரத்தம் கசிந்தாலோ, மருக்கள் மீண்டும் தோன்றினாலோ அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவை அணுகுங்கள்.