கையெழுத்து யாருடையது?

"கறுப்பர் கம்பெனின்னாலும் கம்பெனி கம்பெனிதானே? அந்தக் கதை நமக்கெதுக்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெக்கிசாக் அண்ட் மெக்கிசாக். அமெரிக்காவில் கறுப்பர் நடத்தும் கட்டிடக்கலை நிறுவனங்களில் மிகப் பழையது. 1905இல் டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் தொடங்கியது. இதன் வேர் அதற்கும் முந்தியது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு விற்கப்பட்ட ஓர் அடிமை, எஜமானனின் கீழ் கட்டிட வேலை பழகினார். மெக்கிசாக் என்ற பேரே அந்த எஜமானனின் பேர்தான். தொழில் மகனுக்கு வந்தது, மகனிடமிருந்து பேரன்களுக்கு. மூத்தவர் மோசஸ் பிறந்தது 1879இல், புலாஸ்கி என்ற ஊரில். கு க்ளக்ஸ் கிளான் பிறந்ததும் அதே ஊரில்தான், 1865இல்.

1908இல் மோசஸ், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் கட்டினார். 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினாரே டு பாய்ஸ், அவர் படித்த கல்லூரி அது. 1921இல் கட்டிடக் கலைஞர்கள் உரிமம் பெற வேண்டுமென்று டென்னசியில் சட்டம் வந்தது. அஞ்சல்வழியில் படித்த மோசஸும் தம்பி கால்வினும் 1922இல் உரிமம் வாங்கினார்கள். தாத்தா செங்கல் அடுக்கினப்ப யாரும் தகுதி கேக்கல. பிளான்ல கையெழுத்துப் போடணும்னு வந்தப்பதான் தகுதிச் சீட்டு தேவைப்பட்டது.

கசப்பும் உண்டு. இவர்களுக்கு வேலை தந்தவை பெரும்பாலும் கறுப்பர்களின் சர்ச்சுகள், பள்ளிகள், கல்லூரிகள். 1942இல் 57 லட்சம் டாலருக்கு அரசு ஒப்பந்தம் கிடைத்தது. அதுவரை கறுப்பர் நிறுவனம் எதற்கும் அவ்வளவு பெரிய அரசு ஒப்பந்தம் கிடைத்ததில்லை. எதைக் கட்ட? டஸ்கிகீயில் கறுப்பு விமானிகளை ஒதுக்கிவைத்துப் பயிற்சி தரும் விமானத்தளத்தை. நம்ம ஆளுக்குச் சேரியில காலனி வீடு கட்டுற கான்ட்ராக்ட் மட்டும் கொடுத்த கதைதான்.

ஒரு குடும்பம் ஏறிவிட்டதால் நிறவெறி ஒழிந்துவிடவில்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸின் லொரெய்ன் மோட்டலில் சுடப்பட்டார். அது 1991இல் குடிமை உரிமை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது, அதன் வடிவமைப்பில் இந்த நிறுவனத்துக்கும் பங்கிருந்தது. அடிமையின் வாரிசுகள் தம் சாவின் நினைவிடத்தைத் தாமே வரைந்தார்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

2002இல் போபால் பிரகடனம் கேட்டதும் இதைத்தான். அமெரிக்கக் கறுப்பர்களைப் போல, அரசு கொள்முதலிலும் ஒப்பந்தத்திலும் தலித்துகளுக்குப் பங்கு. "கூலி உயர்வு கேள், போதும்" என்று நமக்குச் சொல்லித்தந்தவர்கள் பலர். கூலி வேணும், சரி. ஆனால் சூளையில் கல் அறுப்பதும் சித்தாளாகச் சாந்து சுமப்பதும் நாம். திறப்பு விழாக் கல்வெட்டுல மந்திரி பேர் இருக்கு, இன்ஜினியர் பேர் இருக்கு, கான்ட்ராக்டர் பேர் இருக்கு. நம்ம பேர் எங்க?

தோழருக்கு என் பதில் இதுதான். கல் சுமந்த கைக்குப் பிளானில் கையெழுத்துப் போடவும் உரிமை உண்டு. அதையும் சேர்த்தே கேட்போம்.