கடைசி வாரத்தில் எந்த டீம் பெரிய டீம்? கல்லூரிப் பசங்களுக்கும் ஒரு புள்ளிப் பட்டியல் வேண்டும்

மே மாதம் பிறந்துவிட்டால் திருப்புல்லாணி கடைவீதியில் கணக்கு வாத்தியார்களுக்குப் பஞ்சமே கிடையாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறிய பையன்கூட ஐபிஎல் நெட் ரன் ரேட்டை மூன்று தசமம் வரை மனப்பாடமாகச் சொல்வான். 2024 மே 18 அன்று பெங்களூரு 218 ரன் எடுத்தது. சென்னை தோற்றாலும் பரவாயில்லை, 201 எடுத்தால் உள்ளே போய்விடலாம் என்ற கணக்கு அன்றிரவு ஊருக்கே தெரிந்திருந்தது. சென்னை எடுத்தது 191. இரண்டு அணிக்கும் 14 புள்ளிதான். ஆனால் ரன் ரேட்டில் 0.459 இருந்த பெங்களூரு உள்ளே, 0.392 இருந்த சென்னை வெளியே.

அதே பசங்களிடம், "தம்பி, உங்க காலேஜ் ஃபுட்பால் டீம் இந்த வருசம் எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இப்படித்தான் இருக்கும்: "ஒரு மேட்ச் ஆடுனோம்ணே. தோத்துட்டோம்."

அத்தோடு சீசன் ஓவர். அந்த அணி நல்ல அணியா, சுமாரான அணியா, அன்றைக்கு மட்டும் சொதப்பியதா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்வதற்கு அங்கே எதுவுமே இல்லை. சீசனின் கடைசி வாரத்தில் அணிகளை ஒப்பிட்டுப் பேசுவது டீக்கடைப் பொழுதுபோக்கு மாதிரித் தெரியலாம். ஆனால் ஒப்பிட முடிகிற அளவுக்கு ஆட்டங்கள் நடந்திருக்கின்றன என்பதே ஒரு விளையாட்டு உயிரோடு இருப்பதற்கான அடையாளம். கல்லூரிக் கால்பந்தில் அந்த இடம்தான் காலியாகக் கிடக்கிறது.

ஒரு நாளில் முடியும் சீசன்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் இங்கே பெரும்பாலும் நாக்-அவுட் முறையில்தான் நடக்கின்றன. இரண்டு மூன்று நாள், ஒரே மைதானம், தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். அதில் 8 அணிகளுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். இன்னும் 4 அணிகளுக்கு இரண்டு. ஆக, வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடாமலே ஊர் திரும்புகிறார்கள். இதே 16 அணிகள் ஒருவரோடு ஒருவர் ஒரு முறை ஆடினால் 120 ஆட்டம் வரும். அவ்வளவு செய்ய எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நேரமும் இல்லை, பணமும் இல்லை. நாக்-அவுட் முறை யாரோ செய்த சதியல்ல. செலவைக் குறைக்கும் வழி. அந்தச் சிக்கனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பெரிய நகரத்துக் கல்லூரிக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. சென்னையிலோ கோவையிலோ படிக்கிற பையனுக்கு மாவட்ட லீக், கிளப், தனியார் போட்டி என்று வருடம் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் இருந்து போகிற பையனுக்கு அந்த ஒரு ஆட்டமே வருடம். குலுக்கலில் முதல் சுற்றிலேயே போன வருட சாம்பியன் வந்து மாட்டினால் கதை முடிந்தது. "மோசமான டீம்" என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

கோவையில் ஒரு சனிக்கிழமை

முழு லீக் ஆடினால் என்ன கிடைக்கும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை நன்றாகப் பார்த்திருக்கிறது. 2018-19 ஐ-லீக் கால்பந்து. 11 அணிகள், ஒவ்வொருவரும் மற்றவரோடு சொந்த ஊரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை, ஆளுக்கு 20 ஆட்டம். முந்தைய சீசனில் 8-வது இடத்தில் முடித்த சென்னை சிட்டி எஃப்.சி., சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியில், கோவை நேரு மைதானத்தைச் சொந்த ஊராக வைத்து ஆடியது. 19 ஆட்டம் முடிந்தபோது சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. பாக்கி ஒரே ஆட்டம்.

ஒரு பக்கம் ஈஸ்ட் பெங்கால்: 1920-ல் தொடங்கிய கிளப், லட்சக்கணக்கில் ரசிகர்கள். மறுபக்கம் தமிழ்நாட்டிலேயே பலருக்குப் பெயர் தெரியாத ஓர் அணி. பெயரையும் பாரம்பரியத்தையும் வைத்து ஒப்பிட்டிருந்தால் பேச்சே எழுந்திருக்காது. புள்ளிப் பட்டியல் வேறு விதமாகப் பேசியது. இரண்டு அணியும் சமமான புள்ளியில் முடித்தால் அவர்கள் இருவரும் மோதிய ஆட்டங்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி. கொல்கத்தாவிலும் கோவையிலும் சென்னை சிட்டிதான் 2-1 என்று ஜெயித்திருந்தது.

2019 மார்ச் 9. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். கோவையில் மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் சென்னை சிட்டி 0-1 என்று பின்தங்கி நின்றது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே கோல் எதுவும் விழவில்லை. அந்த நிமிடத்தில் யார் சாம்பியன்? சென்னைக்கு 40, ஈஸ்ட் பெங்காலுக்கும் 40. நேருக்கு நேர் கணக்கில் சென்னைதான்! தோற்றுக்கொண்டிருந்த அணி அந்தக் கணத்தில் பட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. நவம்பரிலும் ஜனவரியிலும் ஆடிய ஆட்டங்கள் மார்ச் மாதத்தில் வந்து தாங்கிப் பிடித்தன.

கடைசியில் அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. பெத்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி இருந்து மீண்டு 2-1 என்று வென்றது. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி. ஆனாலும் "அவங்க அதிர்ஷ்டத்துல ஜெயிச்சாங்க" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இந்த இரண்டு அணியும் மற்ற எல்லோரோடும் இரண்டு முறை ஆடியிருந்தன. (அதே ஆண்டு மே மாதத்தில் இந்திய மகளிர் லீக்கை மதுரையின் சேது எஃப்.சி. வென்றது. இரண்டு கோப்பையும் தமிழ்நாட்டுக்கு வந்த வருடம் அது. சென்னை சிட்டி இன்றைக்கு ஐ-லீக்கிலேயே இல்லை என்பது தனி வருத்தம்.)

ஆடாத ஆட்டத்துக்கு யார் மார்க் போடுவது?

கல்லூரி விளையாட்டை உலகிலேயே பெரிய வியாபாரமாக்கி வைத்திருப்பது அமெரிக்கா. அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தை ஏந்திக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்து, இலையுதிர் காலம் முழுக்க வாரம் ஒரு ஆட்டம் ஆடும். நவம்பர் பிறந்தால் எந்த அணி உயர்த்தி என்று நாடே சண்டை போடும். அவர்களிடம் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

'பிக் டென்' என்று ஒரு கான்ஃபரன்ஸ். பெயரில்தான் பத்து, 2024-ல் அதில் 18 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 17-ல் 9 அணிகளோடு மட்டும் ஆடியது. ஓரிகான் ஒன்பதையும் ஜெயித்து முதலிடம். இறுதி ஆட்டத்தில் அதை எதிர்க்கப்போவது யார்? பென் ஸ்டேட்டும் இண்டியானாவும் ஆளுக்கு 8 வெற்றி, 1 தோல்வி. இரண்டுமே தோற்றது ஒஹையோ ஸ்டேட் ஒன்றிடம்தான். இருவரும் தங்களுக்குள் ஆடவே இல்லை! பிறகு, அவரவர் எதிராளிகள் எவ்வளவு ஜெயித்தார்கள் என்று கணக்குப் பார்த்து பென் ஸ்டேட்டை அனுப்பினார்கள். அதாவது, நீங்கள் ஜெயித்தது போதாது. உங்களிடம் தோற்றவர் மற்றவரை எவ்வளவு ஜெயித்தார் என்பதும் உங்கள் மதிப்பெண்ணில் சேரும். இண்டியானாவின் அட்டவணையைப் போட்டது இண்டியானா இல்லை. லேசான எதிராளிகள் வாய்த்தது அவர்கள் குற்றமா?

ஐபிஎல்லிலும் இந்த ஓட்டை உண்டு. 2022 முதல் 10 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம். ஐந்து அணிகளோடு இரண்டு முறை, நான்கு அணிகளோடு ஒரு முறை. கடைசி வாரத்தில் ரன் ரேட்டைப் பிடித்துத் தொங்கும் யாரும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கல்லூரி அணிகளுக்கு லீக் என்றால், எண்ணிக்கை பெரிதாக இருக்கக் கூடாது. எல்லோரும் எல்லோரையும் சந்திக்கும் அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் பட்டியல் நேர்மையாகப் பேசும். அந்த அளவுக்குச் சின்ன வட்டம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

பக்கத்து காம்பவுண்ட், வேற உலகம்

திருப்புல்லாணியில் இருந்து வடக்கே பஸ் ஏறினால் ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி. மறுபக்கம் ஏறினால் கீழக்கரை. அங்கே கலைக் கல்லூரியும் உண்டு, பொறியியல் கல்லூரியும் உண்டு. கலைக் கல்லூரி காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். பல்கலைக்கழகப் போட்டி என்று வந்தால் இவர்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே கடற்கரை மணலில் சாயந்திரம் பந்து உதைத்த இரண்டு மச்சான்கள், ஆளுக்கு ஒரு கல்லூரியில் சேர்ந்ததும் எதிரெதிரே ஆட வழியில்லை. விசித்திரமான ஏற்பாடு இது.

மாவட்டத்தில் ஆள் இல்லாமலும் இல்லை. ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, ராமேஸ்வரம் ஐந்து ஊர்களிலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கீழக்கரையைச் சேர்த்தால் ஆறு. ஆறு அணிகள் ஒருவரோடு ஒருவர் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடினால் மொத்தம் 30 ஆட்டம். ஓர் அணிக்கு 10. வாரம் ஒன்று வைத்தாலும் பத்தே வாரம். நாக்-அவுட்டில் ஒரு ஆட்டத்தோடு திரும்பும் பையனுக்கு இது பத்து மடங்கு.

"பசங்க கிளாஸுக்கு எப்போ போவாங்க?" என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்று நாள் தொடர்ச்சியாக வெளியூரில் தங்குவதைவிட, சனிக்கிழமை சாயந்திரம் போய் ராத்திரி வீடு திரும்புவது வகுப்பைக் குறைவாகவே பாதிக்கும். ராமநாதபுரத்தில் இருந்து இந்த ஊர்கள் எல்லாமே இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்துக்குள்தான். ராமேஸ்வரத்தில் இருந்து திருவாடானைக்குப் போவதுதான் நீண்ட பயணம். அது வருடத்துக்கு ஒரு முறை.

இன்னொரு ஆட்சேபம் பணம். தங்கும் செலவு இல்லை என்பதால் பஸ் கட்டணம், நடுவர் சம்பளம், பந்து, தண்ணீர் இவ்வளவுதான். மைதானம்தான் உண்மையான தலைவலி. சீமைக் கருவேல முள் கிடக்கும் தரையில் பந்தும் தாங்காது, காலும் தாங்காது. சீசனுக்கு முன் ஒரு வாரம் மாணவர்களே இறங்கிச் சுத்தம் செய்தால் பாதி வேலை முடியும். மீதிப் பாதியைக் கல்லூரி நிர்வாகம் செய்தாக வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

காலம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரலில் வெயிலும் தேர்வும் சேர்ந்து வரும். ஜனவரி நடுவில் பொங்கல் முடிந்ததும் தொடங்கி மார்ச் கடைசிக்குள் முடிப்பதுதான் தோது. ஆட்டம் நாலரை மணிக்கு மேல்.

மகளிர் அணிகளையும் இதே அட்டவணையில் ஓட்டலாம். ஒரே பஸ்ஸில் இரண்டு அணியும் போகும், செலவு பகிர்ந்துபோகும். 2018-ல் தேசிய மகளிர் கால்பந்து சாம்பியன்ஷிப்பை மணிப்பூரைத் தோற்கடித்து வென்ற மாநிலம் இது. "பொண்ணுங்க டீம் இல்லையே" என்று கைவிரிக்கும் கல்லூரிகள் கொஞ்சம் தேடிப் பார்க்கட்டும்.

விதியை முதலில் எழுதுங்கள்

ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. புள்ளி சமமானால் என்ன செய்வது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி, ஆறு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர்களும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். கோல் வித்தியாசத்தை முதலில் வைத்தால், பலவீனமான அணியைப் போட்டு 9-0, 10-0 என்று அடிக்கும் ஆசை வரும். புதிதாக அணி கட்டும் கல்லூரி அதோடு அடுத்த வருடம் வராமலே போய்விடும். நேருக்கு நேர் முடிவை முதலில் வைப்பதே இந்த அளவு லீக்குக்கு நல்லது. அதிலும் சமம் என்றால் மட்டும் கோல் வித்தியாசம்.

கடைசிச் சுற்றின் மூன்று ஆட்டங்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் தொடங்கியாக வேண்டும். 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அல்ஜீரியாவின் முடிவு தெரிந்த பிறகு ஆடி, இருவருக்கும் வசதியான 1-0 என்ற ஸ்கோரோடு பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் வந்தது. மூன்று மைதானம், மூன்று நடுவர் குழு அன்று ஒரு நாளைக்குத் தேவைப்படும். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் ஒன்று. மற்ற இரண்டை எந்த ஊர் தரப்போகிறது என்பதை ஆறு முதல்வர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம்.