பொன்னாடையை நிறுத்துகிறோம்
பாசறைக்கு உழைக்கும் பெற்றோருக்கு நன்றி காட்டுவது பற்றி எங்கள் சாரணர் குழுவின் நிலைப்பாடு

எங்கள் குழு எந்தப் பள்ளியையும் சேர்ந்ததல்ல. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. குருளையர் முதல் சாரணியர் வரை எல்லாப் பிரிவும் ஞாயிறு காலையில் கூடுகிறது என்றால், பெற்றோர் சிலர் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பொருள். அவர்களுக்கு எப்படி நன்றி காட்டுவது என்பதில் ஓராண்டாக எங்களுக்குள் மனத்தாங்கல். நிர்வாகக் கூட்டத்தில் பேசித் தீர்த்ததை எல்லாரும் அறியச் சொல்கிறோம்.

தவறு எங்களுடையது. சென்ற ஆண்டு ஏலகிரிப் பாசறையின் கடைசி இரவு. பாசறைத் தீயைச் சுற்றிப் பிள்ளைகள் பாடி முடித்ததும் பொன்னாடை போர்த்தினோம். நன்கொடை தந்தவர், பேருந்து பேசிக்கொடுத்தவர், சிறப்பு விருந்தினரை அழைத்து வந்தவர் என்று பெயர்களை வாசிக்க வாசிக்கக் கைத்தட்டல். அந்த நேரத்தில் நாற்பதடி தள்ளிக் குழாயடியில் மூன்று அம்மாக்கள் அடிப்பிடித்த சாம்பார் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டியவர்கள். பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. எழுதியவர்களுக்கு அது உறைக்கவும் இல்லை. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கூடாரத்தையும் அரிசி மூட்டையையும் தன் வண்டியில் ஏற்றி வந்த ஓர் அப்பா டீசல் காசு கேட்கவில்லை. நாங்களும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இனி எங்கள் மேடையில் பொன்னாடை, கேடயம், சந்தன மாலை எதுவும் இருக்காது. சாரணர் சட்டத்தின் எட்டாவது விதி சிக்கனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பீரோவுக்குள் போகும் துணிக்குப் பணம் செலவழித்தோம். பீரோவிலேயே இருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் போர்த்திய ஒன்று, உறை பிரிக்காமல், மறு வருடம் வேறொருவர் கையில் எங்கள் மேடைக்கே வந்து சேர்ந்தது!

கைக்காசு போட்டவர்களுக்கு அந்தக் காசைத் திருப்பித் தருவதுதான் முதல் நன்றி. பாசறை முடிந்த ஒரு வாரத்துக்குள் தந்துவிடுவோம். ரசீது இருந்தால் ரசீது. காய்கறிச் சந்தைக்கும் ஆட்டோவுக்கும் ஒரு துண்டுச் சீட்டு போதும். "நம்ம பிள்ளைங்களுக்குத்தானே, வேண்டாங்க" என்று வசதியுள்ள ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்து நிற்பவர் தேவை இருந்தும் கேட்கக் கூசுகிறார். அதனால் கேட்கவே வேண்டியதில்லை: கணக்கு வைத்து எல்லாருக்கும் உறையில் போட்டுக் கொடுப்போம். வேண்டாதவர்கள் பிறகு உண்டியலில் போடலாம். யார் போட்டார்கள் என்று பார்க்கமாட்டோம்.

அடுத்தது வேலை. பாசறையின் கடைசி இரவு பெரியவர்கள் தீயைச் சுற்றி உட்காருவார்கள். மூத்த அணிகள் பரிமாறி, பாத்திரமும் கழுவும். 'பிள்ளைகளை வேலை வாங்குவதா?' என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சாரணர் பாசறையில் பிள்ளைகள் பாத்திரம் கழுவாமல் போனதுதான் எங்களுக்கு வியப்பு.

பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவான நாள் 1950 நவம்பர் 7. ஆண்டுதோறும் அன்று நடக்கும் எங்கள் நிகழ்ச்சியில் பிள்ளைகள் கைப்பட எழுதிய நன்றியை அவர்களே வாசிப்பார்கள். ஒரே நிபந்தனை: இன்ன செயலுக்கு நன்றி என்று சொல்ல வேண்டும். 'தங்கள் மேலான சேவைக்கு' என்று தொடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். முன்னோட்டமாக எழுதச் சொன்னபோது ஒரு குருளையன், "ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் கூட வந்தீங்க ஆன்ட்டி" என்று எழுதியிருந்தான். நிர்வாகிகள் யாருக்கும் அப்படியொரு வேலை நடந்ததே தெரியாது. பேடன் பவல் காலத்திலிருந்தே சாரணியத்தில் இருக்கும் நன்றிச் சின்னத்தை யாருக்காவது பரிந்துரைக்க நேர்ந்தால், இந்தக் கடிதங்களைப் படித்த பிறகே பெயரை முடிவு செய்வோம்.

பெற்றோரின் உழைப்பைப் பிள்ளையின் கணக்கில் வரவு வைக்கமாட்டோம். அம்மா சமைத்தார் என்பதற்காக மகன் அணித்தலைவன் ஆக முடியாது. அப்பா வண்டி ஓட்டினார் என்பதற்காக மகளுக்குச் சின்னத் தேர்வில் சலுகை கிடையாது. இதில் இரண்டு குடும்பங்களுக்கு வருத்தம். வருத்தம் புரிகிறது, முடிவு மாறாது.

வர முடியாத பெற்றோரைக் குத்திக்காட்டவும் கூடாது. வாட்ஸ்அப்பில் 'வந்தவர்கள், வராதவர்கள்' பட்டியல் போடும் பழக்கம் இன்றோடு நின்றது. மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, பிள்ளைக்குச் சீருடையைத் தேய்த்துப் போட்டு, காலை ஏழு மணிக்கு வாசலில் இறக்கிவிட்டுப் போகிற அம்மாவிடம் இதற்கு மேல் கேட்க எங்களுக்கு எதுவும் இல்லை.

அடுத்த பாசறையும் ஏலகிரியில்தான். அண்டா கழுவுவது முதலில் சிறுத்தை அணி. தேங்காய் நார் வாங்கி வைத்தாயிற்று.