திரையை மூடிவிட்டால் வழி தெரியுமா?

ஆகாயத்தில் சாலை கிடையாது. மைல் கல் கிடையாது. நிறுத்தி வழி கேட்க டீக்கடையும் கிடையாது.

பிறகு விமானி எப்படி ஊர் போய்ச் சேருகிறார்?

இன்று பெரும்பாலும் ஜி.பி.எஸ். கருவி வழி காட்டுகிறது. செயற்கைக் கோள்கள் அனுப்பும் சமிக்ஞையை வாங்கி, விமானம் இருக்கும் இடத்தைத் திரையில் புள்ளியாகக் காட்டிவிடுகிறது.

அப்படி இருந்தும், விமானப் பள்ளிகளில் காகித வரைபடம், பென்சில், அளவுகோல், திசைகாட்டி, கடிகாரம் ஆகியவற்றை வைத்துப் பழைய பாடம் ஒன்றும் நடக்கிறது. "இது எதற்கு? பணத்துக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு!" என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பாடம் வேண்டும். பெயருக்கு நடத்தாமல், கண்டிப்பாகவே நடத்த வேண்டும்.

பரிசல்காரர் கணக்கு

ஆற்றைக் கடக்கும் பரிசல்காரரைப் பாருங்கள். எதிர்க்கரைத் துறைக்கு நேராக அவர் துடுப்புப் போடமாட்டார். தண்ணீர் இழுக்கும் என்று தெரியும். ஆகவே, சற்று மேலே பார்த்துத் தள்ளுவார். பரிசல் சரியாகத் துறையில் வந்து சேரும்.

விமானத்தை இழுப்பது காற்று. புறப்படும் முன்பே மாணவன் படத்தில் கோடு போட்டு, திசையையும் தூரத்தையும் அளந்து, காற்றுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறான்.

விமானத்தின் வேகம் மணிக்கு 90 மைல். எதிர்க்காற்று 15 மைல். அப்படியானால் தரைக்கு மேல் நகருவது 75 மைல்தான். 50 மைல் போக 40 நிமிடம் ஆகும். "9 மணிக்குக் கிளம்பினால், 9.40க்கு ஆற்றுப் பாலம் காலடியில் வரவேண்டும்" என்று எழுதி வைத்துக்கொள்கிறான். இதற்கு "டெட் ரெக்கனிங்" என்று பெயர்.

திசையில் சிறிது பிசகினால் என்ன ஆகும்? ஒரு டிகிரி பிசகினால், 60 மைல் போனதும் ஏறக்குறைய ஒரு மைல் விலகிவிடும். ஐந்து டிகிரி பிசகி 120 மைல் போனால், பத்து மைல் தள்ளிப்போய்விடும். மூட்டமான நாளில் பத்து மைலுக்கு அப்பால் உள்ள ஊர் கண்ணில் படாது!

கடிகாரம் முதலில்

கணக்கைவிடக் கடினமானது, கண்ணை அடக்குவது.

புதிய மாணவன் கீழே பார்க்கிறான். ஒரு ஏரி தெரிகிறது. உடனே படத்தில் ஏரியைத் தேடுகிறான். ஏதோ ஓர் ஏரி கிடைக்கிறது. "ஆகா, இதுதான்!" என்று மகிழ்ந்து போகிறான். படத்தில் ஏரிக்கா பஞ்சம்?

ஆகையால், நல்ல ஆசிரியர்கள் வரிசையை மாற்றுகிறார்கள். முதலில் கடிகாரம். பிறகு படம். கடைசியில்தான் தரை. "மணி 9.20. கணக்குப்படி நான் இங்கே இருக்க வேண்டும். இங்கே என்ன இருக்கும்? ஊருக்கு மேற்கே ரெயில் பாதை, தெற்கே ஆற்று வளைவு." இப்படிச் சொல்லிக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் சரி. ஒன்று இல்லாவிட்டாலும் சந்தேகப்பட வேண்டும்.

விரும்பியதையே கண் பார்க்கும். அனுபவசாலிகளும் இதற்கு விலக்கு அல்ல. பம்பாயில் சாந்தாகுரூஸ் விமான நிலையத்துக்கு அருகிலேயே ஜுஹு என்ற சிறிய நிலையம் இருக்கிறது. சாந்தாகுரூஸ் என்று எண்ணி, 1953ல் ஒரு காமெட் ஜெட் விமானம் ஜுஹுவில் இறங்கியது. 1972ல் ஜப்பான் விமானம் ஒன்றும் அப்படியே இறங்கி, ஓடுபாதையைத் தாண்டி ஓடியது. நல்லவேளையாக இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை.

முன்னால் சூரியன்

பிரேசில் நாட்டில் நடந்தது அப்படி முடியவில்லை.

1989 செப்டம்பர் 3ந் தேதி மாலை, மராபா என்ற ஊரில் இருந்து வாரிக் கம்பெனியின் போயிங் விமானம் ஒன்று பெலெம் நகருக்குக் கிளம்பியது. ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம். 54 பேர் இருந்தார்கள்.

போகவேண்டிய திசை 27 டிகிரி. அதாவது, சற்றே கிழக்கே சாய்ந்த வடக்கு. தாளில் 0270 என்று அச்சாகி இருந்தது. கடைசிச் சைபர், புள்ளிக்குப் பிந்திய எண். காப்டன் அதை 270 என்று படித்துத் திருப்பி வைத்தார். 270 என்றால் நேர் மேற்கு! துணை விமானியும் தாளைப் பார்க்காமல் அதையே வைத்தார்.

மாலை வேளை. வடக்கே போகிறவருக்குச் சூரியன் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். அவர்களுக்கோ நேர் எதிரே இறங்கிக்கொண்டிருந்தது. குறித்த நேரம் கடந்தும் பெலெம் வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் அலைந்து, எரிபொருள் தீர்ந்து, இருட்டில் அமேசான் காட்டில் விமானம் விழுந்தது. பலர் மாண்டார்கள்.

சூரியனைப் பார்ப்பதும், கடிகாரத்தைப் பார்ப்பதும் பள்ளியில் முதல் வருடமே சொல்லித்தருகிற பாடம். தேர்வு முடிந்ததும் அதை மூட்டை கட்டிவிடுவதுதான் ஆபத்து.

கருவி பொய் சொன்னால்?

செயற்கைக் கோள் சமிக்ஞை மிக மெல்லியது. தரையில் இருந்தே அதை மறைக்கலாம். பொய்ச் சமிக்ஞை அனுப்பி, விமானம் வேறு இடத்தில் இருப்பதாகக் காட்டவும் செய்யலாம். 2024ல் எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு நகருக்குப் போன பின்லாந்து விமானங்கள், இந்தத் தொல்லையால் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, நட்சத்திரம் பார்த்து வழி அறியும் பாடத்தைக் கைவிட்டிருந்தது. 2015ல் அதை மீண்டும் தொடங்கிவிட்டது.

பெரிய விமானங்களில் மாற்றுக் கருவிகள் உண்டு என்பது உண்மைதான். மாணவன் ஓட்டும் சின்ன விமானத்தில் அத்தனையும் இருக்காது.

1927ல் லிண்ட்பர்க் நியூயார்க்கில் இருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்தார். 33½ மணி நேரம். ரேடியோ இல்லை. நூறு மைலுக்கு ஒரு தரம் திசையைத் திருத்திக்கொண்டு, திசைகாட்டியையும் கடிகாரத்தையும் நம்பிப் போனார். நடுவில் மீன்பிடிப் படகுகளைக் கண்டு, தாழப் பறந்து, "அயர்லாந்து எந்தப் பக்கம்?" என்று கத்தினார். பதில் வரவில்லை! ஆனாலும், கணக்குப் போட்ட இடத்துக்கு மூன்று மைல் பக்கத்திலேயே அயர்லாந்துக் கரையைப் பிடித்தார்.

எல்லோரும் லிண்ட்பர்க் ஆக வேண்டியதில்லை. லைசென்சு கொடுப்பதற்கு முன், தெரியாத ஊருக்கு ஒரு முறையாவது, திரையைத் துணியால் மூடிவிட்டு மாணவனை ஓட்டச் சொல்ல வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். வாய் திறக்கக் கூடாது. பாதி வழியில், "அந்த ஊர் வேண்டாம், இந்த ஊருக்குப் போ" என்று மாற்றிச் சொல்லவும் வேண்டும். பிள்ளையின் பயிற்சிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டும் பெற்றோர், பள்ளியில் சேர்க்கும் அன்றே இதைக் கேட்டுக்கொள்ளலாம்: "திரை இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓட்ட விடுவீர்கள்?"