நோயாளிகளில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்களா?

2021 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரேல் மருத்துவமனைகளில் கொரோனா முற்றித் தீவிர நிலையில் இருந்தவர்கள் 515 பேர். அவர்களில் 301 பேர், அதாவது 58 சதவீதத்தினர், இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டவர்கள். பாதிக்கு மேல் போட்டவர்களே படுத்திருக்கும்போது ஊசியால் என்ன பயன் என்று நன்கு படித்தவர்களும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். இந்த முடிவு தவறு; ஊசியை மறுக்கத் தூண்டுவதால் உயிருக்கும் ஆபத்து.

நோயாளிகளில் ஊசி போட்டவர் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. ஊசி போட்டவர்களில் நோயாளி ஆனவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. முன்னதற்குரிய விடையைப் பின்னதற்குச் சொல்வதில்தான் பிழை பிறக்கிறது. இரண்டையும் இணைக்க மக்கள்தொகையில் ஊசி போட்டவர்களின் பங்கு தெரிய வேண்டும். அங்கே 12 வயது நிரம்பியவர்களில் 78.7 சதவீதம் பேர் முழுமையாகப் போட்டவர்கள், 18.2 சதவீதம் பேர் அறவே போடாதவர்கள். தீவிர நோய் கண்டவர்கள் போட்டவர்களில் லட்சத்துக்கு 5.3, போடாதவர்களில் 16.4. பத்து லட்சம் பேர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். போட்ட 7,87,000 பேரில் நோயாளிகள் சுமார் 42. போடாத 1,82,000 பேரில் சுமார் 30. மொத்தம் 72இல் 42 என்பது அதே 58 சதவீதம்தான்! போட்டவருக்கு ஆபத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தும், அவர்கள் கூட்டம் நான்கு மடங்குக்கு மேல் பெரிது என்பதால் படுக்கைகளில் அவர்களே அதிகம். ஊரில் ஒருவர் விடாமல் போட்டிருந்தால் இந்தச் சதவீதம் நூறாகவே இருந்திருக்கும்.

மூன்றில் இரண்டு பங்குதானே பாதுகாப்பு, சொன்னது அதைவிட அதிகமாயிற்றே என்பார்கள். வயதைக் கலந்து கணக்கிட்டதால் வந்த குறை அது. முதியவர்களே அதிகம் ஊசி போட்டார்கள், எளிதில் நோய் முற்றுவதும் அவர்களுக்கே. 50 வயதுக்கு மேல் போடாதவர்களில் லட்சத்துக்கு 91.9 பேர், போட்டவர்களில் 13.6 பேர், அதற்குக் கீழே 3.9, 0.3. பாதுகாப்பு முறையே 85, 92 சதவீதம். நாளடைவில் அது தேய்ந்தது உண்மை. அதனால்தான் 60 வயது கடந்தவர்களுக்கு அந்நாடு ஜூலை இறுதியிலேயே மூன்றாம் தவணையைத் தொடங்கியது. எத்தனை படுக்கை தேவை என்று திட்டமிடுகிறவருக்கு 301 என்ற எண் முக்கியம்தான். ஊசி போடலாமா என்று யோசிக்கிறவருக்கு அது விடையாகாது. 58 சதவீதம் என்று செய்தி வெளியிடும் எவரும் அதே வரியில் 78.7 சதவீதத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும்.