மலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு ஓர் அமீர் வேண்டும்



அஸ்ர் தொழுகை முடிந்து மதரஸாவுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்த நேரம். நம் குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். கிர்கிஸ்தானில் மருத்துவம் பயிலும் அவருடைய மகன் அனுப்பிய காணொளி அது. பனி மூடிய மலைச்சரிவு, கம்பளி போர்த்திய எட்டுப் பத்து இளைஞர்கள், ஒரே சிரிப்பு. "இனி இப்படியெல்லாம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன் ஹஜ்ரத். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

போகக் கூடாது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அதற்கான காரணத்தை மற்றப் பெற்றோரும் அறிவது நல்லது என்பதால் இதை எழுதுகிறோம்.

பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தையும் முன் சென்ற சமூகங்களின் முடிவையும் பார்க்குமாறு திருக்குர்ஆன் பலமுறை அழைக்கிறது. கிர்கிஸ்தானோ பத்தில் ஒன்பது பங்கு மலையாக அமைந்த நாடு. அங்குள்ள இஸிக்குல் ஏரியின் நீர்மட்டமே ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், நம் ஏற்காட்டை விடச் சற்று மேலே இருக்கிறது. அத்தனை குளிரிலும் அந்த ஏரி உறைவதில்லை. அதன் கிழக்கே உள்ள கரகோல் நகரில், சீனாவிலிருந்து வந்து குடியேறிய துங்கன் முஸ்லிம்கள் 1910இல் கட்டி முடித்த மரப்பள்ளிவாசல் ஒன்று உண்டு. ஆணி அடிக்காமல் எழுப்பப்பட்ட அது பார்வைக்குச் சீனக் கோயில் போலவே தோன்றும். உம்மத் எத்தனை விரிந்தது என்பதை நாம் வகுப்பில் பத்து நாள் விளக்கினாலும், அந்தப் பள்ளியில் ஒரு வேளை தொழுதவனுக்கு விளங்குவதுபோல் விளங்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையே பெரும் பயணமாகக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய நிஃமத்.

எனினும் அந்தத் தந்தையின் அச்சம் வீணான அச்சமன்று. 2024 ஏப்ரலில் ஆந்திரத்தைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஒருவர், தேர்வு முடிந்தபின் சக மாணவர்களோடு அதே கிர்கிஸ்தானில் அருவி காணச் சென்றார். உறைந்த அருவியில் சிக்கி உயிரிழந்தார். அதே ஆண்டு டிசம்பரில், ஜார்ஜியா நாட்டின் குடௌரி என்னும் பனிமலைச் சுற்றுலாத் தலத்தில், உணவகம் ஒன்றில் தங்கிப் பணிபுரிந்த 12 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். மின்சாரம் நின்றபோது அறையருகே இயக்கிய ஜெனரேட்டரின் நச்சுப்புகையே காரணம் என்று அந்நாட்டு அதிகாரிகள் கூறினர்.

இந்த ஆபத்துகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் காவிரியை எண்ணிப் பாருங்கள். மேட்டூரில் நீர் திறந்தால் எந்தப் படித்துறையில் இழுப்பு மிகும், எங்கே சுழல் உண்டு என்பது கரையில் வாழும் நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அது அமைதியான ஆறு. நாம் தடுத்தாலும் இறங்குகிறார். பிறகு ஊரே கரையில் நிற்கிறது. பனிமலையில் அந்த வெளியூர்க்காரர் நம் பிள்ளைதான். கல்போல் தெரியும் பனிக்கட்டியின் அடியில் நீர் ஓடி அதை அரித்திருக்கும் என்பதை அவன் எங்கே கற்றிருப்பான்?

அப்படியானால் தடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இருபது வயதுப் பிள்ளையை ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து கைப்பேசியில் தடுத்தால், பெரும்பாலும் அவன் சொல்லாமல் போவான். எங்கே போனான் என்று எவருக்கும் தெரியாத பயணமே எல்லாவற்றிலும் ஆபத்தானது.

இதற்கு நம் மார்க்கம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. மூவர் பயணம் புறப்பட்டால் தம்மில் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இந்த ஸுன்னத்தை நாம் ஜமாஅத் பயணங்களோடு நிறுத்திவிட்டோம். நண்பர்கள் கூட்டத்தில் எல்லோரும் சமம். ஆகவே "போதும், திரும்புவோம்" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அடுத்தவனுக்கு வழி தெரியும் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டே நடப்பான். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் பொறுப்பு இன்னாருடையது என்று புறப்படும் முன்பே முடிவாகியிருப்பதுதான் அமீர் என்பதன் பயன்.

அமீர் சொல்வதெல்லாம் கட்டளையும் அன்று. நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய படையொன்றின் தலைவர் கோபமுற்று, நெருப்பை மூட்டி அதில் இறங்குமாறு தம் தோழர்களை ஏவினார். அவர்கள் இறங்கவில்லை. செய்தி எட்டியபோது, இறங்கியிருந்தால் அதிலிருந்து மீண்டிருக்கவே மாட்டார்கள் என்றும், நன்மையான காரியத்தில் மட்டுமே கீழ்ப்படிதல் உண்டு என்றும் நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். காணொளிக்காகப் பனிப்பாலத்தில் நட என்று தோழன் தூண்டும்போது நம் பிள்ளைக்கு நினைவு வர வேண்டிய ஹதீஸ் இது.

உயிரைக் காப்பது ஈமானுக்குக் குறைவு என்று எண்ண வேண்டாம். கடுங்குளிர் இரவொன்றில் குளிப்பு கடமையாகியிருந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிர் போகும் என்றஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளக் கூடாது என்னும் இறைவசனத்தைக் காரணமாகக் கூறினார்கள். நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்களே தவிரக் கண்டிக்கவில்லை. தொழுகையின் குளிப்பிலேயே சலுகை உண்டென்றால், ஓர் அருவியைப் பார்க்காமல் திரும்புவதில் என்ன இழிவு?

ஆகவே பெற்றோரே, தடையை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் அமீர் யார், அவருடைய எண் என்ன? மலையறிந்த உள்ளூர் வழிகாட்டி உடன் வருகிறாரா? எந்த நேரத்திற்குள் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யாருக்குத் தகவல் போகும்? விடை இருந்தால் துஆச் செய்து அனுப்புங்கள். விடை இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அவனே நியாயத்தை உணர்வான். பெண்பிள்ளைகளின் பயணத்திற்கு மஹ்ரம் தொடர்பான சட்டங்கள் தனியே உண்டு. அவற்றை உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது கடமை.

சகோதரர் அங்கேயே மகனை அழைத்தார். "உங்கள் கூட்டத்துக்கு அமீர் யாரப்பா?" என்று கேட்டார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "யாரும் இல்லை வாப்பா" என்றான் பிள்ளை. "அடுத்த முறை ஒருவரை வைத்துக்கொண்டு போ. போகும் முன் எனக்குச் சொல்" என்றார் தந்தை. அன்று காலைவரை "போகாதே" என்று மட்டுமே சொல்லி வந்தவர் அவர்.

கல்வி தேடித் தொலைதூரம் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் தன் காவலில் வைத்து, பயனுள்ள கல்வியோடு நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.