ஆயுர்வேதத்துக்கு எந்த ஊர்?

எங்க திருநகரில் யாருக்காவது முதுகுவலி என்றால் போதும், "கேரளா போய் எண்ணெய் தேய்ச்சுட்டு வா" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். கையில் இருப்பதோ மூன்று நாள் லீவு. காலையில் மசாஜ், மாலையில் படகுவீடு. தாராளமாகப் போங்கள், ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள்!

பஞ்சகர்மம் வேறு சமாச்சாரம். முதலில் நெய் குடிக்கவைத்து, எண்ணெய் தேய்த்து, வியர்க்கவைத்து உடம்பைத் தயார் செய்வார்கள். பிறகுதான் வாந்தி, பேதி, வஸ்தி எல்லாம். அதிலும் யாருக்கு எது என்று வைத்தியர்தான் முடிவு செய்யவேண்டும். அப்புறம் கஞ்சியில் தொடங்கும் பத்தியம். மூன்று நாளில் எப்படி முடியும்?

1902ல் பி.எஸ்.வாரியர் தொடங்கிய ஆர்ய வைத்தியசாலை இருக்கும் கோட்டக்கல்லில் கடற்கரையே கிடையாது. இருந்தும் ஜனங்கள் போகிறார்கள், வைத்தியத்துக்காக.

என் ஓட்டு நாகர்கோவிலுக்கு. கோட்டாறில் 2009 முதல் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி, மருத்துவமனையோடு இருக்கிறது. மதுரையிலிருந்து நேர் ரயில். மறுபடி காட்டவேண்டும் என்றாலும் போய்வருவது சுலபம். முக்கியமாக, வலியைத் தமிழிலேயே சொல்லலாம். "குத்துது", "இழுக்குது", "கடுக்குது" மூன்றையும் மலையாளத்தில் விளக்கிப் பாருங்கள், தெரியும் :-)

பக்கத்தில்தானே கன்னியாகுமரி என்று ஆசை வந்தால் அதைச் சிகிச்சைக்கு முன்பே முடித்துவிடுங்கள். பேதிக்குச் சாப்பிட்ட உடம்போடு வெயிலில் அலையக்கூடாது.